நாய்க்குட்டியும் பூனையும் இருக்கும் வீட்டில் குழந்தைக்குப் புழுத் தொற்று வராமல் பார்த்துக்கொள்வது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

கர்ப்பம் உறுதியானதும் பல வீடுகளில் முதலில் வெளியேற்றப்படுவது பூனைதான். குழந்தை தவழ ஆரம்பித்ததும் நாயின் முறை வரும். "நாய் முடி வயிற்றுக்குள் போனால் அவ்வளவுதான்" என்பார் பாட்டி. "ஊசியெல்லாம் போட்டாச்சு, ஒண்ணும் ஆகாது" என்பார் அப்பா. இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. நாய் முடி வயிற்றுக்குள் போய் யாருக்கும் எதுவும் ஆனதில்லை. ரேபிஸ், பார்வோ தடுப்பூசிகளும் குடற்புழுவை ஒன்றும் செய்வதில்லை. தடுப்பூசி அட்டையில் எல்லாக் கட்டமும் நிரம்பிய நாயின் வயிற்றிலும் புழு இருக்கலாம்.

சரி, குழந்தையும் பிராணியும் ஒரே வீட்டில் இருக்கலாமா? தாராளமாக இருக்கலாம். ஆனால் எந்தத் தொற்று எந்த வழியாக வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் தேவையில்லாத இடத்தில் பயந்து, பயப்பட வேண்டிய இடத்தில் அசட்டையாக இருந்துவிடுவோம்.

முதலில் ஒரு நாள் கணக்கு

நாய், பூனையிடமிருந்து குழந்தைக்கு வரக்கூடிய ஒட்டுண்ணிகளில் முக்கியமானவை உடம்பிலிருந்து உடம்புக்கு நேராகத் தாவுவதில்லை. மலத்தோடு வெளியே வந்து, கொஞ்ச நாள் கிடந்து, முற்றிய பிறகுதான் அவற்றுக்குத் தொற்றும் திறன் வருகிறது. டாக்ஸோகாரா எனப்படும் நாயின் உருளைப்புழுவின் முட்டைக்கு இதற்குப் பெரும்பாலும் 2 முதல் 4 வாரம் பிடிக்கும். கொக்கிப்புழு முட்டை ஓரிரு நாளில் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் தோலைத் துளைக்கக்கூடிய இளம்புழு ஆகிறது. பூனை மலத்தில் வரும் டாக்ஸோபிளாஸ்மா கிருமிக்கு 1 முதல் 5 நாள்.

காலையில் போட்ட மலத்தை அன்றைக்கே அள்ளிவிட்டால் இந்த மூன்றையும் அது முற்றுவதற்கு முன்பே ஒழித்துவிடலாம். இந்த வழிகாட்டியில் வேறு எதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நின்றால் போதும்.

விதிவிலக்குகளும் உண்டு. எக்கினோகாக்கஸ் என்ற நாய் நாடாப்புழுவின் முட்டையும் ஜியார்டியா கிருமியும் வெளியே வரும்போதே தொற்றத் தயாராக இருக்கும். தெள்ளுப்பூச்சி வழியாக வரும் இன்னொரு நாடாப்புழுவின் பாதையே தனி. இவற்றை விளக்குமாறும் முறமும் மட்டும் தடுக்காது, வேறு வேலைகளும் சேர வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படி 1: பிராணியின் வயதைப் பாருங்கள்

ஆபத்தின் அளவை நிர்ணயிப்பது பிராணியின் இனமோ விலையோ அல்ல, வயதுதான். ராஜபாளையமாக இருந்தாலும் லாப்ரடாராக இருந்தாலும், தெருமுனையில் குழந்தை தூக்கிக்கொண்டு வந்த குட்டியாக இருந்தாலும், மூன்று மாதத்துக்குட்பட்ட நாய்க்குட்டியின் வயிற்றில் உருளைப்புழு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் குட்டி பிறக்கும்போதே அது உள்ளே இருக்கும்.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால் பின்னால் வரும் மருந்து அட்டவணையின் காரணமும் புரியும். தாய் நாய் எப்போதோ விழுங்கிய முட்டைகளிலிருந்து வந்த இளம்புழுக்கள் அதன் தசைகளில் உறங்கிக் கிடக்கும். சாதாரணமாகக் கொடுக்கும் பூச்சி மருந்து குடலில் உள்ள புழுவைத்தான் கொல்லும். தசையில் உறங்குவதை அது தொடாது. சினை பிடித்து ஆறு வாரம் தாண்டும்போது அவை விழித்துக்கொண்டு, தொப்புள்கொடி வழியாகக் குட்டிகளுக்குள் போகின்றன. மிச்சம் மீதி தாய்ப்பாலில் வருகிறது. அதனால்தான் தவறாமல் பூச்சி மருந்து கொடுத்த தாயின் குட்டிகளுக்கும் புழு இருக்கிறது. குட்டி மூன்று வாரத்தைத் தொடும்போதே மலத்தில் முட்டை வர ஆரம்பித்துவிடும். ஒரு பெண் புழு ஒரே நாளில் லட்சம் முட்டை வரை இடும்.

பூனைக்குட்டிக்குக் கதை கொஞ்சம் வேறு. பூனை உருளைப்புழு கருவிலேயே போவதில்லை, பாலில் மட்டும் போகும்.

வளர்ந்த நாய் வீட்டுக்குள்ளேயே இருந்து, சமைத்த சாப்பாடு சாப்பிட்டு, மருந்தும் ஒழுங்காக எடுத்துக்கொண்டால் கவலை மிகவும் குறைவு. வாசலில் சோறு வைத்து வளர்க்கும் 'நம்ம தெரு நாய்' இந்த இரண்டுக்கும் நடுவில் வரும். அது எங்கே போகிறது, எதைத் தின்கிறது என்று யாருக்கும் தெரியாது.

படி 2: பூச்சி மருந்து, சரியான மருந்து, சரியான நாளில்

பெரும்பாலான வீடுகளில் தவறு நடப்பது இங்கேதான். குட்டியை 45 நாளில் வாங்கிவருவார்கள். விற்றவர் "ஒரு தடவை குடுத்தாச்சு" என்பார். அடுத்த தடுப்பூசிக்குப் போகும் வரை யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை. குட்டியின் மலத்தில் புழு முட்டை வருவது உச்சத்தில் இருப்பதும், குழந்தைகள் அதை மடியை விட்டு இறக்காமல் இருப்பதும் அந்த இடைவெளியில்தான்.

கால்நடை மருத்துவர்கள் பரவலாகப் பின்பற்றும் அட்டவணை இது: நாய்க்குட்டிக்கு 2 வார வயதில் முதல் மருந்து. பிறகு 4, 6, 8 வாரங்களில். அதற்கப்புறம் ஆறு மாதம் ஆகும்வரை மாதம் ஒரு முறை. பிறகு வாழ்நாள் முழுக்க மூன்று மாதத்துக்கு ஒரு முறை. பூனைக்குட்டிக்கு 3 வாரத்தில் தொடங்கலாம். குட்டிகளுக்குக் கொடுக்கும் நாளிலெல்லாம் பால் கொடுக்கும் தாய்க்கும் கொடுக்க வேண்டும், ஏனென்றால் குட்டிகளை நக்கிச் சுத்தம் செய்வதே அதுதான். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஏன்? மருந்து கொடுத்த அன்று குடலில் இருக்கும் புழு செத்துவிடும். நுரையீரலில் பயணத்தில் இருக்கும் இளம்புழு தப்பித்து, சில நாள் கழித்துக் குடலுக்கு வந்துசேரும். அதைப் பிடிக்கத்தான் அடுத்த முறை.

அட்டைப்பெட்டியைத் திருப்பி உள்ளடக்கத்தைப் படியுங்கள். பைரன்டெல் மட்டும் இருந்தால் அது உருளைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் போதும், நாடாப்புழுவை அசைக்காது. நாடாப்புழுவுக்குப் பிராசிகுவாண்டெல் வேண்டும். இரண்டும் சேர்ந்த கூட்டு மாத்திரைகள் கடையில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. "அஞ்சு மாசமா விடாம குடுக்கிறேன், ஆனாலும் நாய் பின்னாடி வெள்ளையா ஏதோ நெளியுது" என்று சொல்கிறவர்களிடம் அந்தப் பெட்டியைக் கேட்டால் பெரும்பாலும் விஷயம் விளங்கிவிடும்.

அளவு எடையைப் பொறுத்தது. குட்டியைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். வளரும் குட்டிக்கு ஒவ்வொரு முறையும் புதிதாக எடை பார்க்க வேண்டும். போன மாதத்து அளவு இந்த மாதம் பற்றாது. சிரப் என்றால் ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கடைவாயின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் புரையேறும். மருந்து கொடுத்த மறுநாள் மலத்தில் சாண் நீளத்துக்கு வெள்ளைப் புழுக்கள் சுருண்டு வந்தால் பதற வேண்டாம், மருந்து வேலை செய்கிறது. ஆனால் அந்த இரண்டு மூன்று நாள் மலத்தை உடனுக்குடன் அள்ளிவிட வேண்டும்.

மூன்று எச்சரிக்கைகள். நாய்க்கான பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள், பூனைக்கு அது விஷம். கோலி இன நாய்களுக்கும் அதன் கலப்புகளுக்கும் மருத்துவரைக் கேட்காமல் ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தைக் கொடுக்காதீர்கள். நாய்க்கு வாங்கியதை எந்தக் காரணத்தைக் கொண்டும் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள், அளவும் தயாரிப்பும் வேறு. சொல்ல வேண்டியதே இல்லை என்று தோன்றும், ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

மருந்து கொடுத்தும் சந்தேகம் இருந்தால் மலப் பரிசோதனை செய்யலாம். மூடியுள்ள சிறு டப்பாவில் அன்றைய மலத்தை ஒரு ஸ்பூன் அளவு எடுத்துப்போனால் போதும். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளும் உண்டு. மற்ற ஊர்களில் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

படி 3: மலத்தை அள்ளுவதும் மண்ணைப் பார்த்துக்கொள்வதும்

தினமும், முடிந்தால் போட்ட கையோடு. கையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி எடுத்து, பையை உள்புறம் வெளிப்புறமாகத் திருப்பி, முடிச்சுப் போட்டுக் குப்பையில் போடுங்கள். காய்கறித் தோட்டத்துக்கு உரமாகப் போடாதீர்கள். மாட்டுச் சாணத்தை உரமாக்குவதைப் போல நாய் மலத்தை உரமாக்க நினைத்தால், கீரைப்பாத்தியில் முட்டை விதைத்தது போலாகும்.

பினாயில் ஊற்றிவிட்டால் ஆயிற்று என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. உருளைப்புழு முட்டையின் ஓடு மிகத் தடிமனானது. பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் வாடையைப் போக்கும், பாக்டீரியாவைக் கொல்லும், இந்த முட்டையை விட்டுவிடும். அதைக் கொல்வது சூடு. சிமென்ட் தரை, டைல்ஸ் என்றால் மலத்தை அள்ளிய பிறகு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவுங்கள், குழந்தையைப் பக்கத்தில் விடாமல். மண் என்றால் அது முடியாத காரியம். வெயில் விழும்படி வைப்பது, மேல்மண்ணை ஒரு முழம் வெட்டி மாற்றுவது, அல்லது அந்த மூலையில் குழந்தையை விளையாட விடாமல் இருப்பது, இவைதான் வழி. முட்டை ஈரமான நிழல் மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மழையில் மலம் கரைந்து காணாமல் போனாலும் முட்டை போவதில்லை.

நகரங்களில் மண்ணே இல்லையே என்பீர்கள். மொட்டை மாடியைப் பாருங்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காலையில் நாயை மாடிக்குக் கூட்டிப்போவார்கள், மாலையில் அதே மாடியில் பிள்ளைகள் பட்டம் விடுவார்கள், நடுவில் வடாம் வேறு காயும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பூந்தொட்டிகளுக்கு நடுவில் என்ன கிடக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

அப்புறம் மணல் குவியல். வீடு கட்டுகிற எந்தத் தெருவிலும் வாசலில் ஆற்று மணலோ எம்-சாண்டோ கொட்டியிருக்கும். பகலில் பிள்ளைகள் அதில் வீடு கட்டி, குகை தோண்டி விளையாடுவார்கள். இரவில் அதே குவியலில் நாய் குழி பறித்துப் படுக்கும், பூனை மலம் கழித்துவிட்டு நேர்த்தியாக மூடிவிட்டுப் போகும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடியில் மட்டும் ஈரம் காயாமல் இருக்கும். கொக்கிப்புழு இளம்புழுவுக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. மணல் கொட்டிய அன்றே தார்ப்பாய் போட்டு ஓரங்களில் செங்கல் வையுங்கள். பூங்காவில் மணல் தொட்டி இருந்தாலும் இதே விதிதான், விளையாடி முடித்ததும் மூட வேண்டும்.

அந்த இளம்புழு குழந்தையின் பாதத்திலோ, மணலில் உட்கார்ந்த இடத்திலோ தோலுக்குள் புகுந்தால், சிவந்து தடித்த ஒரு கோடு வளைந்து நெளிந்து தெரியும். அது ஒரே இடத்தில் நிற்காது. நாளுக்குச் சில மில்லிமீட்டரில் இருந்து ஓரிரு சென்டிமீட்டர் வரை நகரும். இரவில் அரிப்பு தாங்காது. பூரான் கடி என்றும், அக்கி என்றும் நினைத்துக் காவி எழுதக் கூட்டிப்போகிறவர்கள் உண்டு. பேனாவால் கோட்டின் நுனியில் ஒரு புள்ளி வைத்து, மறுநாள் பாருங்கள். நுனி புள்ளியைத் தாண்டியிருந்தால் தோல் மருத்துவரிடம் போங்கள். ஐவர்மெக்டின் அல்லது அல்பெண்டசோலில் சரியாகிவிடும். 15 கிலோவுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு ஐவர்மெக்டினைத் தவிர்ப்பதே வழக்கம், அதனால் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

நாய், பூனைக் கொக்கிப்புழுக்களில் பல மனிதத் தோலோடு நின்றுவிடும், குடல் வரை போய்ப் பெரிதாகாது. ஆனால் ஆன்சைலோஸ்டோமா சைலானிக்கம் என்ற ஒன்று குடலுக்கே போய் வளர்ந்து ரத்தம் குடிக்கும். 1911இல் இலங்கையின் புனுகுப்பூனையிடமிருந்து முதலில் விவரிக்கப்பட்ட புழு அது. இந்தியா உட்பட ஆசிய நாடுகள் பலவற்றில் நாய் பூனைகளிடம் இருக்கிறது. செருப்புப் போடாமல் ஓடும் பிள்ளைக்கு ரத்தசோகை என்றால் மருத்துவர்கள் கொக்கிப்புழுவை நினைப்பது இதனாலும்தான்.

பூனைக்கு மணல் தட்டு வைத்திருந்தால் தினமும் சுத்தம் செய்யுங்கள், டாக்ஸோபிளாஸ்மா கருவைப் பாதிக்கலாம் என்பதால் அதைக் கர்ப்பிணி அல்லாத ஒருவர் செய்யட்டும். வேறு வழியில்லை என்றால் கையுறை போட்டு, பிறகு சோப்பால் கை கழுவினால் போதும். பூனையை வீட்டை விட்டு அனுப்பத் தேவையில்லை. ஒரு பூனை டாக்ஸோபிளாஸ்மாவை வெளியேற்றுவது பெரும்பாலும் முதல் முறை தொற்றிய பிறகு ஒன்று முதல் மூன்று வாரம்தான். வேகாத கறியும், கழுவாத காய்கறியும், மண்ணும், தண்ணீரும் அதைவிடப் பெரிய வழிகள். 2004–05இல் கோவையில் கண்ணைத் தாக்கும் டாக்ஸோபிளாஸ்மா ஒரே சமயத்தில் பலருக்கு வந்தது. 248 நோயாளிகளைப் பற்றி மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சந்தேகம் விழுந்தது யார் வீட்டுப் பூனை மீதும் அல்ல, நகரின் குடிநீர் மீது.

படி 4: தெள்ளுப்பூச்சியை ஒழிப்பது

நாயும் பூனையும் ஓயாமல் சொறிந்துகொண்டிருந்தால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஒரு வெள்ளை டிஷ்யூவை நனைத்து விரித்து, அதன் மேல் பிராணியின் வால் அடிப்பக்கத்தைப் பேன் சீப்பால் வாருங்கள். கறுப்பாகத் தூள் விழும். ஒரு நிமிடத்தில் அதைச் சுற்றி ஈரத்தில் செம்பழுப்பு நிறம் கசிந்தால் அது மண் இல்லை, தெள்ளுப்பூச்சியின் கழிவு. அது குடித்த ரத்தம்தான் அப்படிக் கரைகிறது.

தெள்ளுப்பூச்சியின் குஞ்சு நாடாப்புழு முட்டையைத் தின்னும். பிறகு வளர்ந்த பூச்சியாக நாய் மேல் ஏறும். நாய் கடித்துச் சொறியும்போது பூச்சியை விழுங்க, நாடாப்புழு வளரும். நாயைக் கட்டிப்பிடித்து உருளும் கைக்குழந்தையும் எப்போதாவது ஒரு பூச்சியை விழுங்கிவிடும். சில வாரம் கழித்து டயப்பரிலோ மலத்திலோ வெள்ளரி விதை போன்ற வெள்ளைத் துண்டுகள் தெரியும், புதிதாக இருந்தால் நெளியும். குழந்தைக்குப் பெரும்பாலும் வேறு தொந்தரவு எதுவும் இருக்காது.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. அம்மா அதைக் கீரிப்பூச்சி என்று சொல்கிறார், மருந்துக்கடையில் அல்பெண்டசோல் தருகிறார்கள், துண்டுகள் நிற்பதில்லை, திரும்பவும் அதையே தருகிறார்கள். இந்த நாடாப்புழுவுக்கு மருந்து பிராசிகுவாண்டெல், அதையும் மருத்துவர்தான் எடைக்கு ஏற்பச் சொல்ல வேண்டும். ஒரு துண்டைச் சிறு பாட்டிலில் போட்டு எடுத்துப்போங்கள், ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். வாயால் விவரிப்பதைவிட அது பத்து மடங்கு உதவும்.

வளர்ந்த தெள்ளுப்பூச்சி நாயின் மேல் இருப்பது கொஞ்சம்தான். முட்டையும் குஞ்சும் கூட்டுப்புழுவும் சாக்கில், பாயில், சோபா இடுக்கில் இருக்கும். ஆகவே நாயைக் குளிப்பாட்டினால் மட்டும் போதாது. அது படுக்கும் சாக்கையோ பழைய போர்வையையோ வாரம் ஒரு முறை வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, நல்ல வெயிலில் போடுங்கள். இடுக்குகளைப் பெருக்கி, அந்தக் குப்பையை உடனே வெளியே கொட்டுங்கள். பிராணிக்கான மருந்தை மருத்துவர் சொன்ன இடைவெளியில், வீட்டில் உள்ள எல்லா நாய் பூனைகளுக்கும் ஒரே சமயத்தில் போடுங்கள். உண்ணிக்காகத் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டும் அமிட்ராஸ் மருந்து வாங்கியிருந்தால், மிச்சத்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை குடித்தால் எந்தப் புழுவைவிடவும் அது ஆபத்து.

படி 5: நாய்க்கு என்ன போடுகிறீர்கள்?

குழந்தைகளுக்கு நாயால் வரும் புழு நோய்களில் அறுவை சிகிச்சை வரை போகக்கூடியது எக்கினோகாக்கஸ். வளர்ந்த புழு சில மில்லிமீட்டர்தான், நாயின் மலத்தில் கண்ணுக்குத் தெரியாது. நாய்க்கு எந்த நோயும் இருக்காது. அதன் முட்டையை ஆடு மேயும்போது விழுங்கினால் ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி வளரும். அந்த ஈரலைப் பச்சையாக நாய் தின்றால் சுழற்சி முழுமையாகும். நடுவில் குழந்தை முட்டையை விழுங்கிவிட்டால், ஆட்டுக்கு வந்த அதே கட்டி குழந்தையின் ஈரலில் வரும். மெதுவாக, வருடக்கணக்கில் வளரும். பிள்ளைப்பருவத்தில் விழுங்கியது வாலிபத்தில் ஸ்கேனில் தெரியவருவதும் உண்டு.

கறிக்கடைக்குப் பின்னால் நிற்கும் நாய்களும், கோயில் கிடா வெட்டு முடிந்ததும் குடலும் கட்டி விழுந்த ஈரலும் எறியப்படும் இடமும் நமக்குப் புதிதல்ல. தடுப்பு எளிமையானது. பச்சை ஈரல், நுரையீரல், குடல் எதையும் நாய்க்குப் போடாதீர்கள். போடத்தான் வேண்டும் என்றால் அரை மணி நேரத்துக்கு மேல் கொதிக்கவிட்டுப் போடுங்கள். நீர்க்கட்டி தெரியும் உறுப்பைக் குழி தோண்டி ஆழப் புதையுங்கள், அல்லது எரியுங்கள். வெளியே திரிந்து பச்சைக் கறி தின்னும் நாய்க்குப் பிராசிகுவாண்டெலை மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்றில்லாமல் இன்னும் அடிக்கடி கொடுக்க வேண்டியிருக்கும், மருத்துவரிடம் கேளுங்கள்.

ஐஸ்லாந்து ஒரு காலத்தில் இந்த நோயால் மிகவும் அவதிப்பட்ட நாடு. 1860களில் ஹரால்டு கிராபே என்ற டேனிஷ் ஆய்வாளர் அங்கே போய், நாயிடமிருந்து இது எப்படி வருகிறது என்று எளிய மொழியில் ஒரு சிறு கையேடு எழுதினார். அது வீடு வீடாகப் போனது. படிக்கத் தெரிந்த மக்கள், நீண்ட பனிக்கால இரவுகள், படித்தார்கள். பின்னாளில் சட்டங்களும் சேர, நோய் அந்நாட்டை விட்டே ஒழிந்தது.

படி 6: குழந்தையின் கையும் வாயும்

இதில் புதிதாக ஒன்றும் இல்லை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிராணியோடு விளையாடிய பிறகும், மண்ணில் இருந்து வந்த பிறகும், சாப்பிடும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நகத்தை வாரம் ஒரு முறை வெட்டுங்கள், முட்டை ஒளிவது அங்கேதான். வெளியே செருப்பு. கீரையையும் பச்சையாகச் சாப்பிடும் காய்களையும் ஓடும் தண்ணீரில் அலசுங்கள். நாய் கையை நக்கினால் கழுவிக்கொண்டால் போதும். வாயை நக்கவிடுவது வேண்டாம், நாய் சற்று முன் அதே நாக்கால் எங்கே சுத்தம் செய்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மண் தின்னும் குழந்தை இருந்தால் விஷயம் வேறு. டாக்ஸோகாரா வரும் சிறு பிள்ளைகளில் இந்தப் பழக்கம் அடிக்கடி காணப்படுகிறது. அடித்தோ, விரலில் வேப்பெண்ணெய் தடவியோ இதை நிறுத்த முடியாது. இரும்புச்சத்துக் குறைவால் வருவது அதிகம் என்பதால் முதலில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 7: எப்போது மருத்துவரிடம் போவது, என்ன சொல்வது

விழுங்கிய டாக்ஸோகாரா முட்டை குழந்தையின் குடலில் பொரிந்து, இளம்புழுவாக ரத்தத்தில் கலந்து அலையும். மனித உடம்பில் அது வளர்ந்து முட்டையிடாது. அதனால் குழந்தையின் மலப் பரிசோதனையில் எதுவும் தெரியாது, "மோஷன் டெஸ்ட் நார்மல்" என்ற தாளை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு அறிகுறியே இருக்காது. சிலருக்கு, அதுவும் 2 முதல் 7 வயதில், விட்டுவிட்டுக் காய்ச்சல், இருமல், வீசிங், வயிற்று வலி, ஈரல் வீக்கம் என்று வரும். ரத்தத்தில் இயோசினோஃபில் என்ற ஒரு வகை வெள்ளை அணு எகிறியிருக்கும்.

நம் ஊரில் வீசிங் என்றதும் "இஸ்னோபீலியா" என்று சொல்லிவிடுவோம், அது ஏதோ ஒரு தனி நோய் போல. அந்த அணு கூடுவதற்கு ஒவ்வாமை, ஆஸ்துமா, யானைக்கால் கிருமி, குடற்புழு, டாக்ஸோகாரா என்று பல காரணங்கள் உண்டு. எது என்று பிரிக்க மருத்துவருக்கு நீங்கள் தர வேண்டிய தகவல் இது: வீட்டில் குட்டி இருக்கிறதா, எப்போது வந்தது, கடைசியாக அதற்குப் பூச்சி மருந்து கொடுத்தது எப்போது, குழந்தை மண் தின்கிறதா, எங்கே விளையாடுகிறது. தேவைப்பட்டால் எலைசா ரத்தப் பரிசோதனை எழுதுவார். அது பாசிட்டிவ் என்றாலும் பழைய தொற்றாக இருக்கலாம், எதிர்ப்புரதம் ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் நிற்கும். சிகிச்சை பொதுவாக அல்பெண்டசோல், தொடர்ந்து சில நாள். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 குடற்புழு நீக்க நாள்களில் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் ஒற்றை மாத்திரை மனிதக் குடற்புழுக்களுக்கானது, அதைத் தவறாமல் போடுங்கள். ஆனால் டாக்ஸோகாராவுக்கு அது ஈடாகாது.

கண்ணுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. அந்த இளம்புழு கண்ணுக்குள் போனால், பெரும்பாலும் ஒரே கண்ணில், பார்வை குறையும். சிறு பிள்ளைக்கு அது சொல்லத் தெரியாது. ஒரு கண் விலகிப் பார்ப்பது, ஒரு கண்ணை மூடினால் அழுவது, ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் ஒரு கண் மட்டும் வெள்ளையாகத் தெரிவது, இவற்றில் எது இருந்தாலும் அந்த வாரமே கண் மருத்துவரைப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிவது விழித்திரைப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகும் என்றால், 1950இல் அமெரிக்காவில் ஹெலனார் வைல்டர் குழந்தைகளிடமிருந்து அகற்றப்பட்ட 46 கண்களைச் சோதித்தபோது 24இல் புழுவின் தடயத்தைக் கண்டார். அந்தக் கண்களில் பல, புற்றுநோய் என்ற சந்தேகத்தில் எடுக்கப்பட்டவை.

பழி நாய் மேல், காரணம் வேறு

இரவில் ஆசனவாய் அரிப்புத் தரும் கீரிப்பூச்சி மனிதரிடமிருந்து மனிதருக்கு மட்டுமே வரும். குழந்தைக்கு அது வந்தால் வீட்டில் எல்லோரும் மருந்து எடுக்க வேண்டும், நாய் தவிர. தலைப்பேனும் அப்படியே. படர்தாமரை பூனைக்குட்டியிடமிருந்து வரலாம், ஆனால் அது புழு அல்ல, பூஞ்சை. நாயின் சொறிப் பூச்சி குழந்தையின் கையிலும் வயிற்றிலும் சில நாள் அரிப்பைத் தரும். மனிதத் தோலில் அது நீடித்துப் பெருகாது என்பதால் நாய்க்குச் சிகிச்சை கொடுத்தால் தானே அடங்கும். ஜியார்டியா வயிற்றுப்போக்கு நாயிடமிருந்து வருவதைவிடத் தண்ணீரிலிருந்து வருவதே அதிகம்.

இலங்கையிலும் கேரளத்திலும் இன்னொன்று இருக்கிறது. டைரோஃபைலேரியா என்ற நாய்ப் புழு கொசு வழியாக மனிதருக்கு வந்து, தோலுக்கடியிலோ கண்ணிலோ சிறு கட்டியாக நிற்கும். இலங்கையில் சின்னக் குழந்தைகளிடம் இது நிறையப் பதிவாகியிருக்கிறது. இதற்கு நாயைத் தொடாமல் இருந்து பயனில்லை, கொசுவலைதான் வேண்டும்.

நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிடுங்கள். அது ரேபிஸ் விஷயம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட வேண்டும்.

ஒரு குழந்தைக்கு டாக்ஸோகாரா உறுதியானால், அந்தக் குழந்தையிடமிருந்து தம்பி தங்கைக்கு அது தொற்றாது. தட்டையும் படுக்கையையும் பிரிக்க வேண்டியதில்லை. நாயை விரட்டவும் வேண்டாம், அதற்கு மருந்து கொடுத்தால் போதும். ஆனால் அதே மண்ணில் விளையாடிய மற்றப் பிள்ளைகளையும் ஒரு முறை மருத்துவரிடம் காட்டுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் வருவார்கள். கொஞ்சம் சங்கடமாக இருந்தாலும் அவர்கள் வீட்டுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.